ஒளிக்கும் வேண்டும் ஒரு பொது அளவு

(வெள்ளி விழாக் கல்விக் கருத்தரங்கில் தலைமையாசிரியர் ஆற்றிய உரை)

 

வெள்ளி விழா என்பது கடந்து வந்த வழியை எண்ணி மகிழும் நாள். அவ்வழியைப் பற்றி எனக்கு முன்னர்ப் பேசிய பெரியோர்கள் சிறப்பாக எடுத்துரைத்தார்கள். எனக்கு இடப்பட்ட பணி வேறு. இனி வரும் இருபத்தைந்து ஆண்டுகளில் நம் பிள்ளைகள் எதிர்கொள்ளப்போகும் விஞ்ஞானத் துறைகளுள் ஒன்றை எடுத்து, எல்லார்க்கும் விளங்குமாறு சொல்ல வேண்டும் என்று சங்கத்தார் பணித்தார்கள். ஒளிப்புலப் படங்களுக்கும் சூழ்காட்சிப் படங்களுக்கும் உலக நாடுகள் கூடித் தர அளவு வகுக்கும் பணியை நான் எடுத்துக்கொண்டேன். தலைப்பைக் கேட்டதும் சிலர் மலைப்பது தெரிகிறது. மலைக்க வேண்டாம். கருவியைப் பற்றி நான் அதிகம் பேசப்போவதில்லை. கருவிக்குப் பின்னால் நிற்கும் அளவைப் பற்றியே பேசப்போகிறேன். அளவு என்பது என்ன என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

நம் பாட்டன்மார் காலத்தில் சில பண்ணைகளில் இரண்டு மரக்கால்கள் இருந்தன என்பதை இங்கே அமர்ந்துள்ள முதியோர் அறிவர். நெல்லை வாங்கும்போது ஒரு மரக்கால். கூலியாக அளந்து போடும்போது வேறொரு மரக்கால். இரண்டிற்கும் பெயர் ஒன்றுதான். கொள்ளளவு மட்டும் வேறு. உழைத்தவன் எண்ணத் தெரிந்தவனாக இருந்தாலும் பயனில்லை. மரக்காலின் வயிற்றை அவன் வகுக்கவில்லை அல்லவா? 1956-ஆம் ஆண்டின் எடை அளவைச் சட்டம் நாடு முழுவதற்கும் மெட்ரிக் முறையைக் கொண்டுவந்தது. லிட்டர் என்றால் எங்கும் ஒரே லிட்டர் என்பது சட்டமாயிற்று. ஆகவே, பொது அளவு என்பது வெறும் வணிகச் சௌகரியம் அன்று. எளியவனுக்கு அது ஒரு பாதுகாப்பு. இந்த ஒரு கருத்தை மனத்திற் கொண்டு, இனி ஒளியின் பக்கம் வருவோம்.

இப்போது நீங்கள் அனைவரும் ஒரு சிறு காரியம் செய்ய வேண்டும். வலக்கையை நீட்டிக் கட்டைவிரலை உயர்த்துங்கள். இடக்கண்ணை மூடிப் பாருங்கள். பிறகு வலக்கண்ணை மூடிப் பாருங்கள். விரல் இடம் பெயர்வதுபோல் தோன்றுகிறதன்றோ? விரல் நகரவில்லை, பார்க்கும் இடம் மாறியது. அருகில் உள்ள பொருள் அதிகமாகப் பெயர்கிறது. தொலைவில் உள்ள மேடை விளக்கு அவ்வளவாகப் பெயரவில்லை. தாய்மார்களுக்கு வேறோர் உதாரணம் சொல்லலாம். பட்டுப் புடவையின் சரிகை, தலையைச் சற்றே அசைத்தால் ஓரிடத்தில் மங்கி வேறோரிடத்தில் மின்னுகிறது. ஒரே சரிகையிலிருந்து ஒவ்வொரு திசைக்கும் வேறு வேறு அளவு ஒளி புறப்படுகிறது என்பதே இதன் பொருள்.

சாதாரண நிழற்படம் இதைப் பதிவு செய்வதில்லை. பல திசைகளிலிருந்து வரும் கதிர்களை லென்ஸ் ஒரு புள்ளியில் சேர்க்கிறது. அவற்றின் கூட்டுத்தொகை மட்டுமே அங்குப் பதிவாகிறது. ஆண்டுத் தேர்வில் மாணவனின் மொத்த மதிப்பெண்ணை மட்டும் எழுதிவைத்து, பாடவாரியான மதிப்பெண்களைக் கிழித்தெறிந்தாற்போல என்று வைத்துக்கொள்ளுங்கள். 300 என்று தெரியும். கணக்கில் எவ்வளவு, தமிழில் எவ்வளவு என்பது தெரியாது. ஒவ்வொரு புள்ளிக்கும் ஒவ்வொரு திசையிலிருந்தும் வந்த ஒளியைத் தனித்தனியே குறித்து வைத்தால், அப்பதிவிற்கே ஒளிப்புலம் என்று பெயர். ஆங்கிலத்தில் லைட் ஃபீல்டு என்பார்கள். அப்பதிவு கையில் இருந்தால், படம் எடுத்த பிறகும் குவியத்தை மாற்றலாம். பார்க்கும் கோணத்தைச் சற்றே நகர்த்தலாம். பொருள்களின் தொலைவைக் கணக்கிடலாம்.

இந்தச் சிந்தனை நேற்றுப் பிறந்ததன்று. 1846-ஆம் ஆண்டில் மைக்கேல் ஃபாரடே, ஒளியையும் காந்தப் புலத்தைப் போன்ற ஒன்றாகக் கருதலாம் என்று ஓர் உரையில் கூறினார். புத்தகம் கட்டும் கடையில் தொழில் பழகி, அங்குக் கட்டுக்கு வந்த நூல்களைப் படித்தே விஞ்ஞானியானவர் அவர் என்பதை மாணவர்கள் நினைவிற் கொள்க. 1908-இல் பிரெஞ்சு விஞ்ஞானி காப்ரியேல் லிப்மன், ஈயின் கண்ணைப்போல நுண்ணிய லென்சுகளை வரிசையாகப் பதித்த தகட்டினால் முழுமைப் படம் எடுக்கும் முறையை முன்மொழிந்தார். ஒளிப்புலம் என்னும் சொல்லை 1936-இல் ரஷ்ய அறிஞர் கெர்ஷுன் வழங்கினார். 1996-இல் அமெரிக்காவில் லெவோய், ஹன்ரஹன் ஆகிய இருவரும் இதைக் கணிப்பொறிக்கு ஏற்றவாறு எளிமையாக்கினர். முன்னும் பின்னுமாக இரண்டு கண்ணாடிப் பலகைகளை நிறுத்துங்கள். ஒளிக்கதிர் முதற் பலகையில் ஒரு புள்ளியையும் இரண்டாம் பலகையில் ஒரு புள்ளியையும் தொட்டுச் செல்லும். ஒரு புள்ளிக்கு இரண்டு எண். இரு புள்ளிகளுக்கு நான்கு எண். ஆக, எந்தக் கதிரையும் நான்கு எண்களால் குறித்துவிடலாம். பத்தாம் வகுப்பு மாணவன் வரைபடத் தாளில் செய்யும் வேலையின் நீட்சியே இது.

இதனுடன் சேர்ந்ததே சூழ்காட்சி. கண்களை மூடியவாறு தலையில் அணியும் கருவியைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். அணிந்தவர் தலையைத் திருப்பினால் காட்சியும் திரும்புகிறது. இடவலமாகத் திருப்புதல், மேலும் கீழும் ஆட்டுதல், தோள் பக்கம் சாய்த்தல் என்று தலைக்கு மூன்று அசைவுகள். இவற்றோடு முன்பின், இடவலம், மேல்கீழ் என்று உடலே இடம் பெயரும் மூன்றையும் சேர்த்தால் ஆறு அசைவுகள். முதல் மூன்றிற்குச் சுற்றிலும் எடுத்த ஒரே வட்டப் படம் போதும். ஆறிற்கும் ஈடுகொடுக்க வேண்டுமானால், ஒவ்வோர் இடத்திலிருந்தும் எப்படித் தோன்றும் என்ற விவரம் வேண்டும். அதாவது ஒளிப்புலமோ அதனையொத்த தொலைவுப் பதிவோ வேண்டும்.

இங்கேதான் முதல் இடர்ப்பாடு வருகிறது. தர அளவுக் குழுக்கள் சோதனைக்குப் பயன்படுத்திய ஒருவகை ஒளிப்புலப் படத்தில், பதினைந்துக்குப் பதினைந்து என்ற கட்டத்தில் 225 காட்சிகள் உள்ளன. ஒவ்வொரு காட்சியும் 625-க்கு 434 புள்ளிகள். பெருக்கிப் பாருங்கள்: ஏறத்தாழ 6 கோடியே 10 லட்சம் புள்ளிகள். புள்ளிக்கு மூன்று வண்ணம், வண்ணத்திற்கு ஒரு பைட் என்று கொண்டாலும் 18 கோடி பைட்டுகளுக்கு மேல் ஆகிறது. இது அசையாத ஒரே ஒரு படத்தின் சுமை. இதைச் சுருக்கிக் கட்டாமல் எவருக்கும் அனுப்ப இயலாது. ஒருவர் சுருக்கிக் கட்டிய விதம் மற்றவருக்குத் தெரியாவிட்டால், வந்து சேர்ந்த மூட்டையை அவிழ்க்கவும் இயலாது. எனவே கட்டும் முறைக்கு ஒரு பொது உடன்பாடு தேவைப்படுகிறது. அந்த உடன்பாட்டையே தர அளவு என்கிறோம்.

உடன்பாடு இல்லாமற்போனால் என்ன ஆகும் என்பதற்கு ஓர் உண்மை வரலாறு உண்டு. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 2006-இல் ஆய்வேடு அளித்த ரென் இங் என்னும் இளைஞர் தொடங்கிய லைட்ரோ நிறுவனம், 2012-இல் பொதுமக்களுக்கான ஒளிப்புலக் கேமராவை விற்பனைக்குக் கொண்டுவந்தது. விலை 399 டாலர். எடுத்த பிறகு குவியத்தை மாற்றும் அப்படங்களை உலகமே வியந்து பார்த்தது. ஆனால் அப்படங்களின் கோப்பு அமைப்பு அந்நிறுவனத்திற்கே உரியது. பிறர் பார்க்க வேண்டுமானால் அந்நிறுவனத்தின் இணையத்தளத்திற்கே செல்ல வேண்டும். 2017-ஆம் ஆண்டின் இறுதியில் அத்தளம் மூடப்பட்டது. 2018-இல் நிறுவனமே மூடப்பட்டது. வெளியார் சிலர் அரும்பாடுபட்டுக் கோப்பின் அமைப்பைக் கண்டறிந்து படிக்கும் வழி செய்தனர். ஆயினும், இணைப்பை மட்டும் அனுப்பி உறவினர்க்குக் காட்டி வந்த சாதாரணக் குடும்பத்தார், தம் படங்கள் உயிரிழந்து நின்றதையே கண்டார்கள். திறவுகோல் ஒருவர் கையில் மட்டும் இருக்கும் பெட்டியில் நம் பொருளை வைத்தால், பெட்டி நமதாயினும் பொருள் நமதன்று.

இதற்கு மாறான வரலாறும் உண்டு. நம் கைப்பேசிகளில் நாள்தோறும் வந்து விழும் படங்களிற் பெரும்பாலானவை ஜேபெக் என்னும் முறையில் சுருக்கப்பட்டவை. 1986-இல் அமைந்த ஒரு கூட்டுக் குழு, பல நாட்டு அறிஞர்களைக் கூட்டி, 1992-இல் அதன் தர அளவை வெளியிட்டது. எந்த நிறுவனத்தின் கேமராவில் எடுத்தாலும், எந்த நிறுவனத்தின் கருவியிலும் பார்க்கலாம். முப்பது ஆண்டுகளுக்கு முன் எடுத்த படத்தை இன்றும் திறக்கலாம். பாமரனும் படம் அனுப்பும் நிலை வந்ததற்கு இந்த உடன்பாடு பெருங்காரணம்.

அந்த ஜேபெக் முறையின் இதயமாக இருப்பது ஒரு கணித உத்தி. அதைக் கண்டவர் பெங்களூரில் 1940-இல் பிறந்த நசீர் அகமது. அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில் பேராசிரியராக இருந்தபோது, ஆராய்ச்சிக்குப் பணவுதவி கேட்டு அந்நாட்டு விஞ்ஞான நிறுவனத்திற்கு விண்ணப்பித்தார். கருத்து மிகவும் எளிமையானது என்று கூறி விண்ணப்பத்தைத் தள்ளிவிட்டார்கள். அவர் சோர்ந்துவிடவில்லை. டி. நடராஜன், கே. ஆர். ராவ் ஆகியோருடன் சேர்ந்து 1974-இல் அதனைக் கட்டுரையாக வெளியிட்டார். எளிமையானது என்று ஒதுக்கப்பட்ட அந்த உத்தியே இன்று உலகின் படங்களையெல்லாம் சுமக்கிறது. விண்ணப்பம் தள்ளப்பட்டதனால் கருத்துத் தாழ்ந்துவிடாது என்பதை நம் மாணவர்கள் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.

வெளியிட்ட அளவும் பாதுகாப்பாக இருக்கும் என்று சொல்ல முடியாது. 2002-இல் ஃபார்ஜென்ட் என்னும் அமெரிக்க நிறுவனம், ஜேபெக் முறை தன்னிடமுள்ள ஒரு காப்புரிமைக்குள் அடங்குவது என்று உரிமை கொண்டாடி, பல நிறுவனங்களிடமிருந்து 10 கோடி டாலருக்கும் மேலாக வசூலித்தது. பின்னர் ஒரு பொதுநல அமைப்பின் விண்ணப்பத்தின்பேரில் காப்புரிமை அலுவலகம் மறு ஆய்வு செய்து, 2006-இல் அதன் முக்கியக் கோரிக்கைகளை நிராகரித்தது. அந்நிறுவனமும் தன் உரிமைக் கோரிக்கையைக் கைவிட்டது. ஊர்ப் பொதுக்கிணறு என்று எண்ணி அனைவரும் நீர் எடுத்துக்கொண்டிருக்கும்போது, ஒருவர் வந்து பத்திரத்தை நீட்டினாற்போன்ற நிகழ்ச்சி இது. ஆகையால், அளவு பொதுவாக இருந்தால் மட்டும் போதாது. கட்டணமின்றிப் பயன்படுத்தத்தக்கதா என்பதும் வகுக்கும்போதே பேசி முடிக்கப்பட வேண்டும்.

ஜேபெக் குழுவே இப்போது ஒளிப்புலத்திற்கும் அளவு வகுத்து வருகிறது. அதற்கு ஜேபெக் பிளீனோ என்று பெயர், ஐ.எஸ்.ஓ., ஐ.இ.சி. ஆகிய உலக அமைப்புகளின் வரிசையில் அதன் எண் 21794. இதன் நடைமுறையை நாம் அறிந்துகொள்வது நல்லது. முதலில், எதற்காக இந்த அளவு, அது எவற்றையெல்லாம் செய்ய வேண்டும் என்ற தேவைப் பட்டியல் எழுதப்படுகிறது. அடுத்து, உலகிலுள்ள ஆய்வுக்கூடங்களுக்கெல்லாம் அழைப்பு விடுக்கப்படுகிறது. பிளீனோவிற்கான அழைப்பு 2017-இல் வந்தது. வந்த முறைகளை ஒரே விதமான சோதனைப் படங்களைக் கொண்டு, ஒரே விதமான நிபந்தனைகளின்கீழ் ஒப்பிடுகிறார்கள். கணக்கால் அளப்பதோடு நிற்பதில்லை. பார்வையாளர்களை அமர்த்திப் படங்களைக் காட்டி, ஐந்திற்கு எத்தனை மதிப்பெண் என்று கேட்டுச் சராசரி காண்கிறார்கள். தேறிய முறைகளைக் கூட்டாகச் செம்மைப்படுத்தி வரைவு எழுதுகிறார்கள். வரைவு உறுப்பு நாடுகளின் வாக்கிற்குச் செல்கிறது. பங்கேற்கும் நாடுகளில் வாக்களித்தோருள் மூன்றில் இரண்டு பங்கினர் ஆதரிக்க வேண்டும். எதிர்வாக்குப் பதிவான வாக்குகளில் நான்கில் ஒரு பங்கிற்கு மேற்படக்கூடாது. செல்வ நாடாயினும் வறிய நாடாயினும் ஒரு நாட்டிற்கு ஒரு வாக்குத்தான்.

பிளீனோவின் பொதுச் சட்டகம் 2020-இலும், ஒளிப்புலச் சுருக்கத்திற்கான பகுதி 2021-இலும் வெளிவந்தன. அதில் இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, நான்கு எண்களாலான அக்கட்டத்தை நேரே நசீர் அகமதுவின் உத்தியால் நான்கு திசைகளிலும் சுருக்குவது. பிரேசில் நாட்டின் ரியோ டி ஜெனிரோ நகரத்து ஆராய்ச்சியாளர்களின் பங்களிப்பு அது. மற்றொன்று, சில காட்சிகளையும் தொலைவு விவரத்தையும் மட்டும் வைத்துக்கொண்டு மற்றக் காட்சிகளை ஊகித்து அமைப்பது. பின்லாந்தின் தாம்பரே பல்கலைக்கழகத்தார் அதில் முன்நின்றனர். இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. இத்தகைய தர அளவுகள், மூட்டையை எப்படி அவிழ்ப்பது என்பதையே உறுதியாக வரையறுக்கின்றன. எப்படிக் கட்டுவது என்பதைத் திறமைக்கு விட்டுவிடுகின்றன. கடிதத்தின் எழுத்தும் இலக்கணமும் பொது. அதை அழகாக எழுதுவது எழுதுபவரின் ஆற்றல். அதனால் போட்டியும் வளர்கிறது, ஒற்றுமையும் கெடுவதில்லை.

சூழ்காட்சிப் பக்கத்திலும் இவ்வாறே பணி நடைபெறுகிறது. அசையும் படங்களுக்கான எம்பெக் குழு, வட்டக் காட்சிகளுக்கான ஓமாஃப் என்னும் அளவை 2019-இல் தந்தது; பார்ப்பவர் இடம் பெயர இடந்தரும் மிவ் என்னும் அளவை 2023-இல் தந்தது. 2019-இலேயே சில அமெரிக்க நிறுவனங்கள் ஒரு கூட்டணி அமைத்து, ஒளிப்புலக் காட்சிகளைக் கம்பி வழியே பல்வகைத் திரைகளுக்கும் கொண்டுசெல்லக் கட்டணமற்ற விவரக்குறிப்புகளை எழுத முன்வந்தன. ஆக, பல மேசைகளில் ஒரே காலத்தில் வரைவு எழுதப்பட்டுக்கொண்டிருக்கிறது. நம் கவலை அந்த மேசைகளைப் பற்றியதே.

அந்த மேசையில் வைக்கப்படும் சோதனைப் படங்கள் எவை? இந்த வினாவைச் சற்று ஆழமாகப் பார்க்க வேண்டும். ஏனெனில், தேர்வுக்கு வராத பாடத்தை மாணவர் படிப்பதில்லை என்பது ஆசிரியர் எல்லார்க்கும் தெரியும். முறையை வகுப்பவரும் அவ்வாறே. எந்தப் படத்தைக் கொண்டு தம் முறை மதிப்பிடப்படுமோ, அந்தப் படத்திற்கே தம் முறையைத் தீட்டுவார்.

பழைய வரலாற்றைப் பாருங்கள். வண்ணப் படங்களை அச்சிடும் கூடங்களுக்குக் கோடாக் நிறுவனம் ஒரு மாதிரி அட்டையை அனுப்பி வந்தது. அதில் இருந்தது வெள்ளைத் தோல் கொண்ட ஒரு பெண்ணின் படம். அந்நிறுவனத்தில் பணியாற்றிய மாதிரிப் பெண் ஒருவரின் பெயரால் அதற்கு ஷர்லி அட்டை என்றே பெயர் வழங்கிற்று. அவர் முகம் சரியாக வந்தால் வண்ணம் சரி. கறுத்த முகங்கள் கரிப்பூசினாற்போல் வந்தன. ஆனாலும் அளவின்படி வண்ணம் சரி! மாற்றத்திற்கு வழி பிறந்தது எவ்வாறு என்பதையும் கேளுங்கள். சாக்லேட் செய்பவர்களும், மர நாற்காலி மேசை செய்பவர்களும், தம் பொருள்களின் பழுப்பு நிறம் விளம்பரப் படங்களில் வேறுபடுத்தித் தெரியவில்லை என்று முறையிட்ட பிறகே ஃபிலிமைத் திருத்தினார்கள் என்று கனடா நாட்டு ஆய்வாளர் லோர்னா ராத் பதிவு செய்துள்ளார். கறுப்பு மக்களின் முகம் பெறாத நீதியைச் சாக்லேட் பெற்றது.

கணிப்பொறிக் காலத்திலும் இது தொடர்ந்தது. 1973-இல் அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில், ஆண்களுக்கான ஓர் இதழின் நடுப்பக்கத்தில் வந்த ஐரோப்பியப் பெண்ணின் படத்தை எடுத்துச் சோதனைப் படமாக்கினார்கள். லென்னா என்று பெயர் பெற்ற அப்படம் ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் படச் சுருக்க ஆராய்ச்சியின் அளவுகோலாகப் புழங்கிற்று. ஐ.இ.இ.இ. கணிப்பொறிச் சங்கம் 2024 ஏப்ரல் 1 முதல்தான் அப்படம் இடம்பெறும் கட்டுரைகளை ஏற்பதில்லை என்று நிறுத்தியது. 2018-இல் ஜாய் புவலம்வினி, டிம்னிட் கெப்ரு என்னும் இரு கறுப்பினப் பெண் ஆய்வாளர்கள், முகத்தைக் கண்டு ஆணா பெண்ணா எனக் கூறும் மூன்று நிறுவனங்களின் நிரல்களைச் சோதித்தனர். வெளிர்நிற ஆண்களிடத்தில் பிழை 0.8 விழுக்காட்டைத் தாண்டவில்லை. கருநிறப் பெண்களிடத்தில் அது 34.7 விழுக்காடு வரை சென்றது. கருவிக்குப் பகைமை இல்லை; அதற்குக் காட்டப்பட்ட முகங்களில் நாம் இல்லை.

ஒளிப்புலத்திற்கு வருவோம். பிளீனோவின் சோதனைப் படங்களிற் பல, சுவிட்சர்லாந்தின் லோசான் நகரத்து ஆய்வுக்கூடத்தார் எடுத்துத் தந்தவை. நிறுத்தி வைத்த சைக்கிள்கள், அபாய அறிவிப்புப் பலகை, கல் தூண்கள், நீரூற்றின் அருகே ஒரு மனிதர் என்று அவை அமைந்துள்ளன. அவர்கள் தம் ஊரை எடுத்தார்கள், அதில் தவறில்லை, தம் உழைப்பை உலகிற்கு இலவசமாகத் தந்தமைக்கு நன்றி கூற வேண்டும். நம் ஊரை யார் எடுப்பது என்பதே கேள்வி. திசைக்குத் திசை ஒளி மாறும் பொருள்களே ஒளிப்புல முறைக்குக் கடினமான தேர்வு. அத்தகைய பொருள்கள் நம்மிடம் எத்தனை! சரிகைப் பட்டு, எண்ணெய் பூசிய கருங்கல் சிலை, துலக்கிய பித்தளைக் குடம், நாற்றங்கால் நீரில் தகதகக்கும் நண்பகல் வெயில், கூரை வீட்டின் அரையிருளில் வியர்வை படிந்த கருநிற முகம். இவை தேர்வில் இடம்பெற்றாலன்றி, இவற்றை நன்றாகக் காட்டும் முறை எது என்று எவரும் அறியமாட்டார்.

பிறர் வகுத்த அளவில் பிற்பாடு நுழைவது எத்துணைக் கடினம் என்பதை நம் தமிழ் எழுத்தே கற்றது. கணிப்பொறியில் முன்பு ஒவ்வோர் எழுத்துருவிற்கும் ஒரு குறியீடு. ஒருவர் அச்சிட்டதை மற்றவர் திறந்தால் புரியாத குறிகளே தோன்றும். 1988-இன் இந்தியக் குறியீட்டை அடியொற்றி 1991-இல் யூனிகோடு தமிழுக்கு இடம் வகுத்தது. பின்னர்த் தமிழறிஞர்கள் கூடி, உயிர்மெய்யெழுத்துகளுக்குத் தனியிடம் வேண்டும் என்று ஆண்டுக்கணக்கில் வாதாடினார்கள். ஆனால் ஒருமுறை நிலைபெற்ற குறியீட்டை உலகம் மாற்ற இசைவதில்லை. 2010-இல் தமிழக அரசு யூனிகோடையே ஏற்று, டேஸ் 16 என்ற முறையை மாற்றாக வைத்துக்கொண்டது. பொது அளவு வந்ததனால் தமிழ் இணையம் எங்கும் பரவியது என்பதும் உண்மை; வகுக்கும் நேரத்தில் நம் குரல் போதிய அளவு இல்லை என்பதும் உண்மை.

அண்ணல் அம்பேத்கர் 1923-இல் வெளியிட்ட ஆராய்ச்சி நூல் ரூபாயின் பிரச்சினையைப் பற்றியது என்பதை நாம் அடிக்கடி நினைப்பதில்லை. ரூபாய்க்கு எது அளவாக இருக்க வேண்டும் என்பதே அந்நூலின் பொருள். நிர்வகிப்போர் தம் விருப்பப்படி கூட்டவும் குறைக்கவும் இடந்தரும் அளவை அவர் ஏற்கவில்லை. நூல் எழுதியதோடு நில்லாமல், அரசு அமைத்த நாணய ஆணைக்குழுவின் முன் சென்று சாட்சியமும் அளித்தார். அளவு வகுக்கும் இடத்திற்கே சென்று பேச வேண்டும் என்பதற்கு அதைவிட நல்ல முன்மாதிரி நமக்கு வேண்டியதில்லை.

இதனால் நம் பிள்ளைகளுக்கு என்ன என்று பெற்றோர் கேட்கலாம். ஆய்வுக்கூடம் இல்லாத பள்ளிகள் இன்னும் உண்டு. இதயத்தின் அமைப்பைச் சுற்றிச் சுற்றிப் பார்க்கவும், ஒரு எந்திரத்தின் உள்ளே புகுந்து காணவும் சூழ்காட்சியால் இயலும். அப்பாடங்கள் ஒரு நிறுவனத்தின் கருவியில் மட்டும் ஓடுமாயின், அக்கருவி வாங்க வல்ல பள்ளிக்கே அவை போய்ச்சேரும். பொது அளவில் அமைந்தால், எவர் செய்த மலிவான கருவியிலும் ஓடும். நன்கொடையாக வந்த பழைய கருவியிலும் ஓடும். வசதியுள்ள பிள்ளைக்கும் வசதியற்ற பிள்ளைக்கும் இடையிலுள்ள தூரம் கூடுவதும் குறைவதும், தொலைதூர நகரங்களில் எழுதப்படும் சில வரைவுகளில் அடங்கியிருக்கிறது.

ஆகவே மூன்று வேண்டுகோள்களை வைத்து அமைகிறேன். மாணவர்களே, கருவியை இயக்கக் கற்பதோடு நில்லாதீர்கள். கணிதமும் ஒளியியலும் ஆங்கிலமும் சேர்ந்தால் வரைவைப் படிக்கும் தகுதி வரும். படிக்கத் தெரிந்தவருக்கே திருத்தம் சொல்லும் துணிவு வரும். பொறியியல் பயிலும் நம் பட்டதாரிகளே, உலகக் குழுக்களில் இந்தியாவின் குரலாக நிற்பது இந்தியத் தர நிர்ணய அமைவனம். அது தன் வரைவுகளைப் பொதுமக்கள் கருத்துக்கு வெளியிடுகிறது; கருத்துரைக்கச் சாதியும் செல்வமும் கேட்பதில்லை. எழுதுங்கள். சங்கத்தின் பெரியோர்களே, நம் நூலகத்தில் தர அளவுகளைப் பற்றிய நூல்களுக்கு ஓர் அலமாரி ஒதுக்குங்கள். ஆண்டுதோறும் ஒரு மாணவருக்கேனும் ஒளியியல் மேற்படிப்பிற்கு உதவித்தொகை அளியுங்கள்.

மரக்காலைப் பறித்துக்கொள்ள நாம் கேட்கவில்லை. மரக்கால் செய்யும் பட்டறையில் நமக்கும் ஓர் இடம் வேண்டும் என்கிறோம். அந்த இடத்தில் அமரத்தக்க பிள்ளைகளை இச்சங்கம் தன் அடுத்த இருபத்தைந்து ஆண்டுகளில் உருவாக்கித் தரும் என்று நம்புகிறேன்.